நொடிமுள்ளின் முகம்

அந்த அறையில் கடிகாரம் கிடையாது, காலண்டர் கிடையாது, சுவரில் ஒரு படம்கூடக் கிடையாது. ஜன்னல் ஒன்று இருந்தது. அதன் கண்ணாடியையும் நொடிமுள் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்திருந்தாள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, குரலைப் பதியும் சின்னக் கருவி, அவ்வளவுதான். ஜனவரி பிறந்தால் மாடியைக் கூட்டித் துடைக்கிற அம்மாள் அந்த மொட்டைச் சுவரைப் பார்த்துப் பாவப்பட்டு, எங்கிருந்தாவது ஒரு காலண்டரைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போவார். இவள் அதைக் கழற்றி, ஆணியையும் பிடுங்கி, அவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பாள்.

"இன்னைக்கு என்ன தேதின்னு அவங்களைக் கேக்கப்போறேன்க்கா. பதிலைச் சுவத்துல மாட்டி வெச்சுட்டுக் கேட்டா எப்படி?"

பதினோரு வருடமாக நடக்கும் சண்டை இது. அந்த அம்மாளும் விடுவதாயில்லை.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் அவளுடைய உத்தியோகத்துக்கு ஆராய்ச்சி உதவியாளர் என்று பெயர். மறதி நோய்க்குப் புதிதாக வருகிற மருந்துகளைக் கொடுத்துச் சோதிக்கும் பிரிவு அது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் அந்த மொட்டை அறையில் உட்காரவைத்து நினைவுச் சோதனை நடத்துவது இவள் வேலை. பத்து வார்த்தைகளை அட்டையில் காட்ட வேண்டும், ஒரு வார்த்தைக்கு இரண்டு நொடி. இரண்டு நொடி என்றால் இவளிடம் அது இரண்டு நொடிதான். ஒன்றே முக்காலும் இல்லை, இரண்டேகாலும் இல்லை. அதனால்தான் நர்ஸ் அவளுக்கு நொடிமுள் என்று பெயர் வைத்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளச் சீட்டில் மட்டும்தான் வேறு பெயர்.

உதவியாளர் என்பதெல்லாம் ஒரு பேச்சுக்கு. ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய்களை இயந்திரத்தில் சுற்றவிட்டுப் பிரித்து, உறைபெட்டியில் அடுக்கி, புகை கக்குகிற உலர்பனியோடு பார்சல் கட்டி அனுப்புவதும் அவள்தான். வராதவர்களுக்குப் போன் போட்டு, வருகிறவர்களுக்கு வண்டி சொல்லி, படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் டாக்டரை நடைவழியிலேயே மடக்கிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவதும் அவள்தான். மருந்துக் கம்பெனி தலையணை தடிமனுக்கு அனுப்பிவைத்த விதிப்புத்தகத்தை அந்த மாடியில் முழுதாகப் படித்த ஒரே ஜீவன் அவள்தான் என்று பெரிய டாக்டர் எல்லோரிடமும் சொல்வார். தான் படிக்காததற்கு அவர் கட்டும் சப்பைக்கட்டு அது.

ஆறு மாத வேலை என்றுதான் வந்து சேர்ந்தாள். தாவரவியல் படித்தவளுக்கு மூளையோடு என்ன சம்பந்தம் என்று வீட்டில் சிரித்தார்கள். அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். "நான் சிக்கிக்கிட்டவங்களை வெளியில எடுக்கறேன், இவ சிக்கிக்கிட்டவங்க எவ்வளவு ஆழத்துல இருக்காங்கன்னு அளக்கறா" என்பான். பத்தாவது படிக்கும் மகள் இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிடுவாள்: "எங்கம்மாவுக்கு என்ன வேலைன்னா, தெரிஞ்ச பதிலைத் தெரியாத மாதிரி உக்காந்திருக்கறது."

அதில் நொடிமுள்ளுக்குப் பெருமைதான். பட்டியலில் இருந்த வார்த்தை எதிரில் இருப்பவரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டு வழுக்கிப் போகும்போது, முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்க மனசு துடிக்கும். கொடுக்கக் கூடாது. 'சரி' என்று சொல்லக் கூடாது, 'அடடா' என்று சொல்லக் கூடாது, 'ம்' கூடக் கொட்டக் கூடாது. ஒரு சோதனை முடிந்து வெளியே வரும்போது அவளுடைய தாடை வலிக்கும். அவ்வளவு இறுக்கிப் பிடித்திருப்பாள். ஆனால் அறையைவிட்டு வெளியே வந்துவிட்டால் அவள் வேறு ஆள். யாருக்குச் சர்க்கரை போடாத டீ, யாருக்குச் செருப்பு மாட்டிவிட வேண்டும், யாரிடம் செத்துப்போன தம்பியைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அவள் கூப்பிட்டால்தான் வருவோம் என்று சொல்கிற குடும்பங்கள் ஏழெட்டு இருந்தன.

அவர்களில் ஒருவர் துணிக்கடைக்காரர். நாற்பது வருடம் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றவர், அறுபத்தெட்டு வயது. தேய்த்த சட்டை, வாரிய தலை. நொடிமுள்ளின் அறைக்குள் நுழைந்ததும் அவளையே வரவேற்பார்.

"வாங்கம்மா, வாங்க. உக்காருங்க. நிதானமாப் பாக்கலாம், அவசரமே இல்லை."

அவளும் உட்காருவாள். அவரை யாருக்கும் பிடிக்காமல் போகாது. பத்து வார்த்தைகளைத் தானாகச் சொல்லச் சொன்னால் இரண்டோ மூன்றோதான் வரும். அது ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். அடுத்த கட்டத்தில் அந்தப் பத்தோடு புதிதாகப் பத்தைக் கலந்து, ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்: இது முன்னாடி காட்டினதுல இருந்துச்சா, இல்லையா? அதில் மனிதர் வெளுத்துவாங்கினார். இருபதுக்குப் பதினெட்டு, பத்தொன்பது. இன்று என்ன கிழமை என்றால், "செவ்வாயா... புதனா... வியாழன்தானே" என்று தடவித் தடவிச் சரியான இடத்தில் வந்து நின்றுவிடுவார். ஐந்து முறை வந்தார். ஒரு வருடத்தில் மதிப்பெண் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை.

பெரிய டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. இது மருந்துதான், மாவு இல்லை என்று அவருக்குள் ஒரு தீர்மானம். மதிப்பெண் விவரத்தைக் குடும்பத்தாரிடம் சொல்லக் கூடாது என்பது விதி. நல்ல செய்தியை வாயில் அடக்கத் தெரியாத மனிதர் அவர். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் போனில் கேட்டபோது, "அப்பா அப்படியே நிலையா இருக்கார், ஒரு கவலையும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

ஆறாவது முறை வந்தபோது துணிக்கடைக்காரரின் மனைவி நடைவழியில் நொடிமுள்ளை நிறுத்தினார். எப்போதும் ஓர் ஓரமாக உட்கார்ந்து கைப்பையைப் பிடித்துக்கொண்டிருக்கிற அம்மாள். அன்று வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது.

"பரீட்சை வைக்கறது நீங்கதானேம்மா?"

"ஆமாம்மா. ஆனா வீட்டுல நடக்கறதை நான் கேக்கக் கூடாது. அதை நர்ஸ்கிட்ட சொல்லுங்க, அவங்கதான் எழுதிக்கணும்."

விதி அப்படி. வீட்டுக் கதை தெரிந்தால் சோதிக்கிறவளின் மனசு ஒரு பக்கம் சாயும்.

"சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. டாக்டர் அதைப் படிச்சிட்டு, அம்மா ரொம்பச் சோர்ந்துபோயிருக்காங்க, அதான் எல்லாம் பெரிசாத் தெரியுதுன்னாராம்." அவர் குரலை உயர்த்தவில்லை. "கடையை மூடி மூணு வருஷமாச்சு. விடிஞ்சும் விடியாததுமா கடை திறக்கணும்னு கதவைப் போட்டு உலுக்கறார். சாவியை ஒளிச்சு வெச்சதுக்குத்தான் இந்தக் கை. அடுப்பைப் பத்த வெச்சுட்டுப் போயிடறார். தனியா என்னால முடியலை, ஒரு ஆள் வெச்சுக் குடு, இல்லைன்னா நீயாவது வான்னு பையன்கிட்டக் கரடியாக் கத்தறேன். டாக்டரே நல்லா இருக்கார்ங்கறார், உனக்குத்தாம்மா பொறுமை போயிடுச்சுங்கறான். அக்கம்பக்கத்துலயும் அதேதான். யார் வந்தாலும் அவர் சிரிச்சுப் பேசி அனுப்பிடறாரே." கொஞ்சம் நிறுத்தினார். "உங்ககிட்ட மட்டும் எப்படிம்மா எல்லாத்தையும் சரியாச் சொல்றார்?"

நொடிமுள் அந்த அம்மாளின் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள்.

சோதனை நடந்தது. இருபது வார்த்தையில் ஏழாவதைப் படித்தபோது மேசையிலிருந்து பென்சில் உருண்டு விழுந்தது. குனிந்து எடுத்தாள். நாற்காலிக் காலுக்குப் பின்னால் போயிருந்ததால் நான்கைந்து நொடி ஆயிற்று. அதுவரை அவரிடமிருந்து சத்தமே இல்லை. யோசிக்கிறார் என்று நினைத்தாள். அவள் தலை மேசைக்கு மேலே வந்த அடுத்த கணம், "இல்லைம்மா, அது இல்லை" என்றார். சரியான பதில்.

அவளுக்குள் ஏதோ உறுத்திற்று. எட்டாவது வார்த்தையைப் படித்துவிட்டு, எழுதுகிற மாதிரி முகத்தைத் தாளுக்கு நேராகக் கவிழ்த்துக்கொண்டாள். பதில் வரவில்லை. நாற்காலி நகர்ந்தது. அவர் முன்னால் சாய்ந்து, தலையைத் தணித்து, கீழேயிருந்து அவள் முகத்தைத் தேடினார்.

"கொஞ்சம் நிமிருங்கம்மா. புடிச்சிருக்கா இல்லையான்னே தெரியலையே."

நாற்பது வருடம் அவர் செய்த வேலை அதுதான். எந்தத் துணியை விரித்தபோது வாங்க வந்தவரின் கண் ஒரு நூல் அகலம் விரிகிறது என்று பார்த்து, அதையே எடுத்து மடித்துக் கொடுக்கிற வேலை. பட்டியல் போய்விட்டது, கிழமை போய்விட்டது. அந்தக் கண் மட்டும் போகவில்லை. ஒன்றேகால் வருடமாக அவர் வார்த்தைகளை ஞாபகம் வைத்துச் சொல்லவில்லை, நொடிமுள்ளைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

விதிப்படி சோதனையை முடித்தாள். கூட்டிப் பார்த்தாள். பதினெட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாடு முடிந்த கையோடு புருஷனை எதிரில் உட்காரவைத்தாள். ஆய்வுப் பட்டியலை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. கொலையே விழுந்தாலும் கொண்டுவர மாட்டாள். இருபது வார்த்தையைத் தானே எழுதி, அதில் பத்தை மட்டும் தனக்குள் குறித்துக்கொண்டாள். அவனிடம் எதையும் காட்டவில்லை.

"நான் ஒவ்வொண்ணாப் படிப்பேன். அது என் பட்டியல்ல இருக்கா இல்லையான்னு சொல்லுங்க."

"பாக்காத பட்டியலை நான் எப்படிச் சொல்றது?"

"என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

பதினேழு சரி. மகள் கைதட்டினாள். நொடிமுள்ளின் முகத்தில் ஈ ஆடவில்லை. அவன் சமாதானமாகச் சொன்னான்: "ஆமான்னா உன் புருவம் லேசா ஏறுது. இல்லைன்னா மூச்சைப் புடிச்சுக்கற. அகத்தின் அழகு முகத்துல தெரியும்னு சும்மாவா சொன்னாங்க? இதுக்குப் போய் ஏன் இப்படி உக்காந்துட்ட?"

ஏன் என்றால், அவள் நினைப்பு முழுதும் அந்தக் கட்டுப் போட்ட மணிக்கட்டில் இருந்தது. தாடை வலிக்க வலிக்க அவள் கட்டிக்காத்ததாக நினைத்த நேர்மைதான் அந்த அம்மாளின் வாயை அடைத்திருக்கிறது. அவர் வீட்டில் நடந்ததைச் சொல்லும்போதெல்லாம், எதிரில் அவளுடைய பதினெட்டும் பத்தொன்பதும் நின்று 'பொய்' என்று சொல்லியிருக்கின்றன.

திங்கட்கிழமை முதலில் நர்ஸிடம் சொன்னாள். நர்ஸ் கதவைச் சாத்தினாள்.

"இதை வெளியில சொல்லித் தொலைக்காதடி. அடுத்த தடவையிலேர்ந்து முகத்தைக் கவனமா வெச்சுக்கோ, விஷயம் முடிஞ்சுது. முப்பத்தோரு பேரைச் சோதிச்சிருக்க. அத்தனை தாளையும் கிளறுவாங்க. உன் சான்றிதழைப் புடுங்குவாங்க. சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறதுன்னா இதுதான்."

"கவனமா வெச்சுக்கிட்டா என்னாகும்? அவர் மதிப்பெண் ஒரே நாள்ல விழும். மூணு மாசத்துல திடீர்னு மோசமாயிட்டார்னு எழுதுவாங்க. அந்தம்மா ஒரு வருஷமா சொன்னது அப்பவும் பொய்யாத்தானே இருக்கும்?"

நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். அன்று முழுதும் அவளோடு பேசாமல் இருந்து தன் கோபத்தைக் காட்டினாள்.

பெரிய டாக்டர் அவள் எழுதிக்கொண்டுவந்த இரண்டு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார்.

"பதிவுல ஏதாவது கேக்குதா?"

"எல்லாத்தையும் போட்டுக் கேட்டேன் டாக்டர். குரல்ல ஒண்ணும் இல்லை. முகம் அதுல பதியாதே."

"அப்போ இது யாருக்குமே தெரியாது."

"அந்தம்மாவுக்குத் தெரியும் டாக்டர். ஒரு வருஷமா அவங்க அதைத்தான் சொல்லிட்டிருக்காங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மத்தவங்களும் இப்படித்தான் உன்னைப் படிச்சாங்களா?"

"பெரும்பாலும் அவங்க மேசையைத்தான் பாப்பாங்க. ஆனா நிச்சயமாத் தெரியாது. அதனாலதான் முப்பத்தோரு பேர் எண்ணையும் எழுதியிருக்கேன்."

அவர் தாள்களை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு, "நான் அந்தப் பையன்கிட்ட என்ன சொல்லி வெச்சேன்னு ஞாபகம் வருது" என்றார். சொன்னபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

நல்லவர்கள் என்று பெயரெடுத்தவர்களில் பாதிப் பேர் மாட்டிக்கொள்ளாதவர்கள்தான். மாட்டிக்கொள்ள வழியே இல்லாத இடத்தில் இவள் தானாகப் போய் நின்றாள். அதற்குக் கிடைத்த மாலை மரியாதையையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனியிலிருந்து நான்கு கடிதம் வந்தது. முப்பத்தோரு பேரின் தாள்களிலும் சிவப்புச் சீட்டு ஒட்டப்பட்டது. சோதனை நடத்தும் அனுமதியை ஆறு மாதத்துக்கு நிறுத்திவைத்தார்கள். மொட்டை அறையின் சாவியைக் கொடுத்துவிட்டு அவள் உறைபெட்டிக்கும் பார்சலுக்கும் போனாள். நேற்றுவரை சந்தேகம் கேட்டு வந்து நின்றவர்கள் கேன்டீனில் அவள் காதுபடவே, "முகத்தை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியலையாம்" என்றார்கள். அழுகை வந்தது. உறைபெட்டி அறையில் அழுதால் கண் எரியும் என்று தெரிந்துகொண்டாள். ஆனால் ஒரு நாள்கூட ஒரு குழாயை அவள் தப்பான அடுக்கில் வைக்கவில்லை.

துணிக்கடைக்காரரை மறுபடி சோதிக்க வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் ஆளை வரவழைத்தார்கள். "கல்லுளிமங்கனைப் புடிச்சுட்டு வந்திருக்காங்கடி. லிஃப்ட்ல வணக்கம் சொன்னேன், கண்ணு இமைக்கலை" என்று நர்ஸ் வந்து சொன்னாள். அன்றோடு அவள் கோபம் தீர்ந்துவிட்டது என்று தெரிந்தது.

இந்த முறை வேறு பட்டியல். இருபது வார்த்தை. துணிக்கடைக்காரருக்குக் கிடைத்தது ஒன்பது. காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலே பத்து வந்திருக்கும். வெளியே வந்தவர் மனைவியின் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னார்: "அந்தாளு ஒண்ணும் வாங்க மாட்டார். ஒரு டீயைக் குடுத்து அனுப்பிடு."

டாக்டர் தானே போன் போட்டு மகனை வரச் சொன்னார். மகன் வந்தான், ஒன்றரை வருடத்துக்குப் பிறகு. போனில் அப்பா எப்போதும் நன்றாகத்தான் பேசியிருந்தார். நடைவழியில் அவனைப் பார்த்ததும் துணிக்கடைக்காரர் எழுந்து நின்றார். முகம் மலர்ந்தது. மகன் கையை நீட்டிக்கொண்டு போனான்.

"வாங்க சார், வாங்க. உங்களுக்குத்தானா, வீட்டுல யாருக்காவதா?"

மகன் நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றான். அவர் அந்தக் கையைத் திருப்பி, சட்டைக் கையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "நல்ல துணி சார். ஆனா சாயம் நிக்காது" என்றார்.

டாக்டரின் அறையில் நால்வர் உட்கார்ந்தார்கள். நர்ஸ் துணிக்கடைக்காரரோடு வெளியே இருந்தாள். தானே சொல்வதாக நொடிமுள் முன்னதாகவே அனுமதி கேட்டிருந்தாள். பென்சில் விழுந்ததிலிருந்து ஒன்பது மதிப்பெண் வரை ஒன்றையும் விடாமல் சொன்னாள். தப்பு தன்மேல் என்று சொன்னாள். ஒரு வருடமாக அந்த அம்மாள் சொன்னதை நம்பியிருக்க வேண்டும் என்று சொன்னாள். நான் போனில் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று டாக்டரும் சேர்ந்துகொண்டார்.

"அப்போ இந்த ஒரு வருஷமா அம்மா சொன்னதெல்லாம்..." என்று மகன் ஆரம்பித்தான். முடிக்கவில்லை.

அந்த அம்மாள் அவனையும் பார்க்கவில்லை, டாக்டரையும் பார்க்கவில்லை. நொடிமுள்ளைப் பார்த்தார். கைப்பையைத் திறந்து, மூலை மடங்கிய ஒரு சின்ன நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் தேதி, கிழமை, முந்தின நாள் என்ன சமைத்தார், யார் போன் பண்ணினார்கள் என்று நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது. எட்டு மாதக் கணக்கு.

"தினம் எழுந்ததும் எழுதிப் பாத்துக்குவேன். எல்லாரும் அவர் நல்லா இருக்கார்னாங்க. அப்போ எனக்குத்தான் அது வந்துடுச்சோன்னு." அவர் நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் இல்லைதானேம்மா?"

 இந்தக் கேள்வி ஒன்றை நொடிமுள் எந்தப் படிவத்திலும் பார்த்ததில்லை.

"இல்லைம்மா. உங்களுக்கு ஒண்ணும் இல்லை. நீங்க சொன்னது அத்தனையும் நடந்தது" என்றாள்.

அந்த அம்மாள் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மகன் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. அவன் காதுல விழட்டும்."

நொடிமுள் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்து, இன்னொரு தடவை சொன்னாள்.